ஒரு பவுன் குண்டா, ஒன்றரைப் பவுன் குண்டா?

அண்ணன் மகன் டல்லாஸிலிருந்து போன் போட்டான். "சித்தப்பா, ரைபிள் வாங்கலாம்னு இருக்கேன். 6.5 க்ரீட்மோர் வாங்கவா, .308 வாங்கவா?" இரண்டும் தோட்டா வகையின் பெயர், ரைபிளை அது சுடுகிற தோட்டாவின் பெயரால்தான் சொல்வார்கள். அவன் கேட்ட நேரம் எங்களுக்கு ராத்திரி ஒன்பது மணி. நான் கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மரவள்ளிக்குக் காவல் இருக்கிறேன். கையில் ஒரு டார்ச், மடியில் ஒரு கட்டு ஓலைவெடி, வேலியில் கட்டின தகர டப்பா. இருபத்து நான்கு வருஷம் பட்டாளத்தில் துப்பாக்கியோடு படுத்து எழுந்தவன், இன்றைக்குப் பன்றியை விரட்ட டப்பா தட்டுகிறேன். சரி, சட்டம் அப்படி.

போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன். அவனைப் போல வெளிநாட்டில் இருந்துகொண்டு வேட்டைக்கோ குறி சுடுகிற பொழுதுபோக்குக்கோ இறங்குகிற நம்ம ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் இப்போது இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆகட்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் எங்கள் ஊரில் ஒரு பண்ணையார் வீட்டில் .315 ரைபிள் ஒன்று இருந்தது, பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கியது. இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. அதன் தோட்டாவைக் கையில் வாங்கிப் பார்த்தவன் அன்றைக்கு முழுக்கத் தூங்கவில்லை. பட்டாளத்தில் புழங்கிய .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து விதி, அதனால்தான் ஊர்ப் பெரியவர்கள் கையில் .315 வந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. 1986-ல் பட்டாளத்தில் சேர்ந்தேன். எஸ்.எல்.ஆர். ரைபிள், 7.62 தோட்டா, 100, 200, 300 மீட்டர் ஃபயரிங். பிறகு இன்சாஸ் வந்தது, 5.56. ஓய்வு பெற்றபின் திருநெல்வேலியில் ஒரு வங்கி வாசலில் '12 போர்' என்கிற ரவைத் துப்பாக்கியோடு ஒன்பது வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு வெடிகூட வெடிக்கவில்லை, அது நல்லதுதான்.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு 2022 கடைசியில் மகள் வீட்டுக்கு டெக்சாஸ் போனேன். மருமகன் என் தங்கை மகன்தான், அம்பாசமுத்திரத்துப் பையன், கிரீன் கார்டு வாங்கினதும் முதல் வேலையாக ஒரு 6.5 க்ரீட்மோர் வாங்கி வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். தோட்டாவைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, இது பென்சில் மாதிரி இருக்கு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் பத்து நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கிற்று.

அதற்கு முன்னால் ஒரு சட்ட விஷயம். விசிட்டர் விசாவில் போனவன் அங்கே சும்மா துப்பாக்கியைத் தொட முடியாது, அது மத்திய அரசின் சட்டம். வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. எச்-1பி வேலை விசாவில் இருக்கிற என் அண்ணன் மகனுக்கும் இதே கதைதான். மருமகன் என்னை முதலில் ஒரு கடைக்குக் கூட்டிப் போய் வெளியூர்க்காரருக்கான லைசென்ஸ் வாங்கி என் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் ரைபிள் பெட்டியைத் திறந்தார். ஏலே தம்பி, ரைபிள் விலை பார்க்கிறதுக்கு முன்னால் இதைச் செய்.

இப்போது தோட்டாக் கணக்கு. அங்கே குண்டின் எடையை கிரெயினில் சொல்கிறார்கள், நமக்கு அது பிடிபடாது. நான் பவுனில் மாற்றிக்கொண்டேன். ஒரு பவுன் எட்டு கிராம். 6.5-ல் போடுகிற 140 கிரெயின் குண்டு 9 கிராம் சொச்சம், அதாவது ஒரு பவுனும் ஒரு கிராமும் போல. .308-ல் நான் சுட்ட 168 கிரெயின் குண்டு 11 கிராமுக்குக் கிட்டே, ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. பண்ணையார் வீட்டு .315 குண்டு 244 கிரெயின், ஏறக்குறைய இரண்டு பவுன், ஆனால் மெதுவாகப் போகும், மூக்கு மொட்டை. எடை கூடினால் அடி பலம் என்று நான் ஐம்பது வயது வரைக்கும் நம்பியிருந்தேன். கிட்டத்தில் அது ஓரளவு சரிதான். தூரம் போகப் போக விஷயம் மாறுகிறது, ஏனென்றால் அங்கே எடையோடு சேர்ந்து உருவமும் வேலை செய்கிறது. உவரிக் கரையில் வள்ளம் தள்ளுகிறவரைக் கேட்டால் சொல்வார், அகலமான தோணியைவிட ஒல்லியும் நீளமுமானது தண்ணீரை லேசாகக் கிழித்துக்கொண்டு போகும் என்று. காற்றிலும் அதே கதை. 6.5 குண்டு விட்டத்தில் சிறுத்து, தன் எடைக்கு நீளமாக இருக்கிறது. குழலை விட்டுக் கிளம்புகிறபோது இரண்டுக்கும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வினாடிக்கு 2,650, 2,700 அடி. ஆனால் ஒல்லிக் குண்டு அந்த வேகத்தை வழியில் தொலைக்காமல் கொண்டுபோகிறது.

மைதானத்தில் முதல் நாள் 100 கெஜத்தில் சுட்டோம். மருமகனின் நண்பர் ஒருவர் .308 கொண்டுவந்திருந்தார். இரண்டிலும் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன, வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. "பாத்தீங்களா மாப்ள, நம்ம 7.62 எதுக்கும் சளைச்சதில்ல" என்றேன். .308 வின்செஸ்டர் 1952-ல் வந்தது, பட்டாளத்து 7.62 அதன் உடன்பிறப்பு, எனக்கு அது சொந்தக்காரன் மாதிரி.

அப்புறம் 500 கெஜத்துக்குப் போனோம். பதினெட்டு அங்குல வட்ட இரும்புத் தட்டு, பட்டால் 'டிங்' என்று சத்தம் வரும். இடமிருந்து வலமாகக் காற்று. பெரிய காற்று என்று சொல்ல மாட்டேன், கயத்தாறு பக்கம் ஆடி மாசம் வீசுகிறதில் பாதிகூட இல்லை. மணிக்கு ஐந்து மைல் இருக்கும் என்று புல் அசைவதைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சுட்டேன். சத்தமே இல்லை. மறுபடி. இல்லை. மூன்றாவதும் இல்லை. தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த மருமகன், "வலது பக்கம் ஒரு சாண் தள்ளிப் போகுது மாமா" என்றார். எனக்கு முகம் போன போக்கைப் பார்த்து அவருடைய ரைபிளை நீட்டினார். அதே காற்று, அதே தப்புக் கணக்கு, 'டிங்' என்றது. தட்டின் வலது ஓரத்தில் பட்டிருந்தது, நடுவில் இல்லை. ஆனால் பட்டது.

அன்றைக்கு உண்மையில் காற்று பத்து மைல் வேகத்தில் வீசியிருக்கிறது, நான் பாதியாகக் கணித்திருக்கிறேன். பத்து மைல் குறுக்குக் காற்று 500 கெஜத்தில் அந்த .308 குண்டை ஏறக்குறைய 20 அங்குலம் தள்ளும், 6.5-ஐ 14 அங்குலம். பாதித் தப்பு என்றால் ஒன்றுக்கு 10 அங்குலம் தவறும், மற்றதற்கு 7. தட்டின் நடுவிலிருந்து ஓரத்துக்கு 9 அங்குலம். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் என் கௌரவம் போயிற்று.

குண்டு கீழே இறங்குகிறதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைப் பெரிதாக நினைக்காதே என்பேன். 100 கெஜத்தில் சரியாகப் படும்படி குறி கட்டின ரைபிளில் 500-க்குப் போனால் .308 ஐந்தடிக்குப் பக்கத்தில் இறங்கும், 6.5 நாலரை அடி. 1,000 கெஜத்தில் 175 கிரெயின் .308 சுமார் 35 அடி, 6.5 சுமார் 28 அடி. இறக்கம் தூரத்தைப் பொறுத்தது, தூரத்தை இன்றைக்கு லேசர் கருவி துல்லியமாகச் சொல்லிவிடுகிறது, ஸ்கோப்பைத் திருகினால் முடிந்தது. காற்றை எந்தக் கருவியும் வழி முழுக்க அளந்து சொல்லாது, அது நம் கணிப்பு. அந்தக் கணிப்பின் தப்பை யார் அதிகம் மன்னிக்கிறார்கள் என்பதுதான் தூரச் சுடுதலில் கேள்வி. அதில் 6.5 ஜெயிக்கிறது, மறுக்கிறதில் அர்த்தமில்லை. 2007-ல் ஹார்னடி கம்பெனி அதைக் குறிப்பலகைக்கென்றே கொண்டுவந்தது, வேட்டைக்காரர்கள் பிறகு சேர்ந்துகொண்டார்கள். 168 கிரெயின் .308 குண்டு ஆயிரம் கெஜத்தை எட்டும் முன்பே ஒலி வேகத்துக்குக் கீழே வந்து தள்ளாட ஆரம்பிக்கும், 6.5 அதைத் தாண்டியும் நிலையாகப் போகும்.

இவ்வளவு தெரிந்தபின் நான் செய்ததைக் கேளுங்கள்.

மருமகனின் நண்பருக்குத் தெரிந்த ஒருவரின் பண்ணை, சான் அன்டோனியோவுக்கு மேற்கே. அங்கே காட்டுப்பன்றி தொல்லை நம்ம ஊரைவிட மோசம், நிலத்துக்காரர் அனுமதித்தால் வருஷம் முழுக்கச் சுடலாம். நிலமெல்லாம் முள்மரம். கிட்டே போய்ப் பார்த்தால் நம்ம ஊர் உடங்காடுதான், சீமைக்கருவேலத்தின் பங்காளி, மெஸ்கீட் என்கிறார்கள். சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. காலையில் வெளிச்சம் வருகிற நேரம், 130 கெஜத்தில் பதினைந்து இருபது பன்றி மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கின்றன. என் கையில் .308. முந்தின நாள் மைதானத்தில் மிச்சமிருந்த, குறி சுடுகிற போட்டிக்கான மேட்ச் தோட்டாக்களையே மேகசினில் போட்டிருந்தேன். வேட்டைத் தோட்டாப் பெட்டி வண்டியில் இருந்தது. எடுத்துவரச் சோம்பல், அவ்வளவுதான்.

பெரிய கிடா ஒன்று, தோளைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி நின்றது. சரியாகத்தான் சுட்டேன், இடம் தப்பவில்லை. பன்றி முன்னங்கால் மடிந்து விழுந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அது எழுந்து உடங்காட்டுக்குள் ஓடிற்று.

இரண்டு மணி நேரம் தேடினோம். முதல் முப்பது அடியில் ரத்தமே இல்லை. அப்புறம் ஒரு இலையில் ரோஜா நிறத்தில் நுரைத்த ஒரு சொட்டு, சின்னக் குமிழிகளோடு. "நுரையீரல்ல பட்டிருக்கு மாமா, ஆனா லேசா" என்றார் மருமகன். முட்டி போட்டு, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் கைக்குட்டையைக் கிளையில் கட்டி அடையாளம் வைத்து, ஊர்ந்தோம். முள் குத்தின கை இன்றைக்கும் நினைவிருக்கிறது. முந்நூறு கெஜம் தள்ளி ஒரு புதருக்குள் உட்கார்ந்திருந்தது, உயிரோடு. இன்னொரு வெடியில் முடித்தேன். அந்த மிருகம் என் சோம்பலுக்காக இரண்டு மணி நேரம் பட்ட பாட்டை நான் யாரிடமும் நியாயப்படுத்த முடியாது.

அறுத்துப் பார்த்தபோது தெரிந்தது. கிடாப் பன்றிக்குத் தோளின் மேல் தோலுக்கடியில் கேடயம் மாதிரி ஒரு தடித்த கெட்டித் திசு உண்டு, இரண்டு விரல் பருமன். மேட்ச் குண்டு காகிதத்தில் ஒரே ஓட்டையில் விழத்தான் செய்யப்பட்டது. மேலுறை மெல்லிசு. அது கேடயத்திலும் தோளெலும்பிலும் மோதி நொறுங்கிவிட்டது, ஒரு சின்னத் துண்டு மட்டும் உள்ளே போயிருக்கிறது. மென்முனைக் குண்டோ, ஈயத்தையும் உறையையும் ஒட்டவைத்த குண்டோ, முழுச் செம்புக் குண்டோ போட்டிருந்தால் விரிந்துகொண்டே ஆழமாகப் போயிருக்கும். அடுத்த வாரம் அதே ரைபிளில் 150 கிரெயின் ஒட்டுக் குண்டு போட்டு, அதே மாதிரிக் கிடாவை, பன்றிக்கு இதயம் தாழ்வாகவும் முன்னாலும் இருக்கும் என்பதால் முன்னங்காலின் கோட்டிலேயே கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சுட்டேன். இருபது எட்டு போகவில்லை.

.308-ஆ 6.5-ஆ என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறவர்கள் பெட்டியின் மேல் குண்டின் வகை என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறதில்லை. நானும் பார்க்கவில்லை. (சுத்தம் செய்கிறபோது ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பன்றிகளில் புரூசெல்லா நோய் இருக்கலாம், மனிதனுக்கும் ஒட்டும். மகள் அந்தக் கறியை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது என்றாள். கடைசியில் மிளகும் தேங்காயும் போட்டு நான் வறுத்தபோது மோப்பம் பிடித்து அடுப்படிக்கு வந்தாள் என்பது தனிக் கதை.)

இன்னொரு காலையில் ஹில் கன்ட்ரி என்கிற மேட்டுப் பகுதிக்குப் போனோம். மேட்டில் புள்ளிமான் கூட்டம். நான் கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், கங்கைகொண்டான் சரணாலயத்தில் நிற்கிற அதே மான், அதே புள்ளி. 1930-களில் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விட்டதாம், இப்போது ஆயிரக்கணக்கில் பெருகி, அங்கே அந்நிய மிருகம் என்ற கணக்கில் வருஷம் முழுக்கச் சுடலாம். "நீங்க சுடுங்க மாமா" என்றார். என் கை வரவில்லை. நம்ம நாட்டில் 1972 சட்டத்துக்குப் பிறகு அந்த மான்மேல் கை வைத்தால் ஜெயில், அந்தப் பயம் அறுபதை நெருங்குகிற வயதில் எலும்பில் ஊறிப்போயிருக்கிறது. அவர்தான் சுட்டார். 6.5, 143 கிரெயின் வேட்டைக் குண்டு, 180 கெஜம், நாற்பது எட்டு ஓடி விழுந்தது. மான் ஜாதிக்கு 6.5 தாராளமாகப் போதும் என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன். அங்கே தெற்கே நீலகாய் என்கிற பெரிய மான்கூட இருக்கிறது, அதுவும் நம்ம நாட்டிலிருந்து போனதுதான். அதைப் பற்றிக் கேட்டால் பண்ணைக்காரர்கள் .300 மேக்னம் என்கிற, மருந்து அதிகமுள்ள பெரிய தோட்டாவின் பேச்சை எடுக்கிறார்கள். அதற்குக் குறைந்தபட்சம் கனமான குண்டு போட்ட .308 அல்லது .30-06 இல்லாமல் நான் போக மாட்டேன்.

சுடுகிறபோது தோளில் விழுகிற உதை பற்றி. பட்டாளத்தான் உதைக்குப் பயப்பட மாட்டான் என்று ஒரு பெருமை உண்டு. பொய். நம்மில் பாதிப் பேர் விசையை இழுக்கிறபோது கண்ணை மூடுகிறோம், அது நமக்கே தெரியாது. மருமகனின் நண்பர் .308-ல் இடது கீழாகவே அடித்துக்கொண்டிருந்தார், ஸ்கோப்பைக் குறை சொன்னார். நான் அவருக்குத் தெரியாமல் மேகசினில் நடுவில் மருந்தே இல்லாத ஒரு போலித் தோட்டாவைச் சொருகினேன். 'க்ளிக்' என்றபோது வெடிக்காத ரைபிளின் மூக்கு இரண்டு அங்குலம் கீழே குத்திற்று. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரே எடையுள்ள ரைபிளில் 6.5-ன் உதை .308-ன் உதையில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவுதான். மேக்னம் என்றால் .308-ஐவிட ஒன்றரை மடங்குக்குக் குறையாது. அந்த வித்தியாசம் காகிதத்தில் சின்னது, நாற்பதாவது வெடியில் தோளுக்குத் தெரியும்.

இதற்கு வைத்தியம் பட்டாளத்தில் கற்றது. காலி ரைபிள், இரண்டு தடவை பார்த்து உறுதி செய்த காலி. குழல் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வை. விசையை இழு. நாணயம் விழக்கூடாது. ஊரிலிருந்து கொண்டுபோன ஒரு ரூபாயை அங்கே அவர்கள் வீட்டு ஹாலில் தினம் அரை மணி நேரம் வைத்து இழுத்தோம், பேரன் பக்கத்தில் உட்கார்ந்து விழுகிற நாணயத்தைப் பிடிக்கிற வேலை பார்த்தான்.

ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நான் செய்யப் பார்த்தேன். .223 என்று முத்திரை குத்தின ஒரு ரைபிளில், எல்லாம் ஒன்றுதானே என்று 5.56 தோட்டாவைப் போடப் போனேன். வெளியே பார்க்க இரட்டைப் பிள்ளைகள். உள்ளே 5.56 அதிக அழுத்தத்துக்கு ஏற்றுகிறார்கள், .223 அறை அதற்கு இடம் கொடுக்காது. நண்பர் கையைப் பிடித்துவிட்டார். குழலில் என்ன எழுத்து இருக்கிறதோ அதே எழுத்து பெட்டியில் இருந்தால் மட்டும் போடு. எனக்குத் தெரியும் என்கிற பழைய பட்டாளத்துக்காரனை நம்பாதே, என்னையும் சேர்த்து.

சரி, தம்பி கேட்டதற்கு வருகிறேன். நீ தூரத் தட்டு சுடப் போகிறாயா, மானுக்குப் போகிறாயா, 6.5 வாங்கு. ஆனால் மைதானத்தில் வாரா வாரம் சுட்டால் இரண்டாயிரம், மூவாயிரம் வெடியில் குழல் தொண்டை தேய்ந்து துல்லியம் குறையத் தொடங்கும், .308 குழல் அதைப்போல இரண்டு மடங்கு தாங்கும். பன்றிக்கு, 200 கெஜத்துக்குள், முள்காட்டில் என்றால் .308 வாங்கு, சின்னக் குழல் போதும். .30-06, .270 எல்லாம் நல்ல பழைய தோட்டாக்கள், யாராவது தாத்தா ரைபிள் சும்மா தந்தால் வாங்கிக்கொள். .243-க்கு உதை குறைவு, உன் மனைவியும் சுடப் போகிறாள் என்றால் அதை யோசி. மேக்னம் வேண்டாம், உனக்கு உதவாது. வாங்குகிற ரைபிளுக்கு ஆகிற காசில் பாதியைத் தோட்டாவுக்கு ஒதுக்கு, ஒரு வெடி ஒன்றரை இரண்டு டாலர், நம்ம கணக்குக்கு நூற்றைம்பது ரூபாய் புகையாகப் போகிறது. அதைச் சமாளிக்கத் தோட்டா மலிவான ஒரு .22 ரைபிள் வாங்கி வைத்துக்கொண்டு காற்றுக் கணிப்பை அதில் கற்றுக்கொள். 100 கெஜத்திலேயே காற்று .22 குண்டை நன்றாகத் தள்ளிக் காட்டும்.

ஊரில் கேட்கிறவர்களுக்கு ஒன்று. இதையெல்லாம் படித்துவிட்டு நம்ம அடிவாரத்தில் யாரும் ஆசைப்பட வேண்டாம். இங்கே பன்றிக்கு 2025 அரசாணைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடவே பேச்சு, அதுவும் வனத்துறை ஆட்கள்தான். எங்கள் வயல் காட்டிலிருந்து கூப்பிடு தூரம். எனக்கு டப்பாதான்.

அண்ணன் மகனிடம் ரைபிள் வாங்குவதற்கு முன் யாருடைய ரைபிளையாவது இரவல் வாங்கி நாணயம் வைத்து இழுத்து வீடியோ அனுப்பச் சொன்னேன். நேற்று அனுப்பினான். பத்துத் தடவையில் ஏழு தடவை விழுந்தது. கூடவே கேட்டிருக்கிறான், "சித்தப்பா, .300 மேக்னம் எப்படி?"